விளக்கு எரிந்தால் போதுமா?



சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள் மாலை. மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. என்னிடம் ஆறு ஆண்டுகள் படித்த பெண்ணொருத்தி, பழைய பிஸ்கட் டின் ஒன்றை அணைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இப்போது பட்டணத்தில் மின்னணுவியல் டிப்ளோமா படிக்கிறாள். தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அந்த லயத்திலிருந்து இப்படியொரு படிப்புக்குப் போன முதல் பெண் அவள்தான்.

"சார், இது என்னோட கடைசி வருச புரொஜெக்ட். ஆத்துல தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு அளந்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். அளக்குது சார். ஆனா சொல்லத்தான் மாட்டேங்குது" என்றாள்.

டின்னுக்குள் இரண்டு சிறு பலகைகள் இருந்தன. ஒன்றில் கணக்குப் போடும் சில்லு. மற்றதில் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை. இரண்டையும் இணைத்துச் சாண் நீளத்துக்குப் பல நிறக் கம்பிகள் தொங்கின. என் வீட்டு இணையப் பெட்டியிலிருந்து கேபிளை எடுத்துச் செருகினாள். துளையின் ஓரத்தில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நான் தவறு செய்தது இந்த இடத்தில்தான். "விளக்குத்தான் எரிகிறதே அம்மா! லைன் நன்றாக இருக்கிறது. கோளாறு நீ எழுதிய புரோகிராமில்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போய் உன் கணக்கைத் திரும்பப் பார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மளிகைக் கடையில் அவள் தகப்பனாரைக் கண்டேன். "சார், பாப்பா படிப்ப நிறுத்திட்டு கடை வேலைக்குப் போறேங்குது. நமக்கு இது வராதுன்னு சாரே சொல்லிட்டாருங்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லயத்துக்குப் போனேன். "எனக்கு இந்த வித்தை தெரியாதம்மா. தெரியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நீ வாத்தியாராக இரு, நான் மாணவனாக இருக்கிறேன். முதலிலிருந்து சொல்லிக்கொடு" என்றேன். மூன்று மாலை அந்த லயத்து வாசலில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். இன்று தோட்டத்திலும் பட்டணத்திலும் பல வீடுகளில் இணையப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நடப்பதும் இதே சங்கதிதான்.

கிராணியாரும் லாரிக்காரரும்

கேபிள் வழியாகக் கணினிகள் பேசிக்கொள்ளும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அதில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் கண்ட்ரோலர். மற்றவர் டிரான்ஸீவர்.

கண்ட்ரோலர் நமது ஆபீஸ் கிராணியார் மாதிரி. அனுப்பவேண்டிய செய்தியைக் கட்டாகக் கட்டுவார். யாருக்குப் போகிறது, யாரிடமிருந்து வருகிறது என்று முகவரி எழுதுவார். ஒவ்வொரு முகவரியும் 48 பிட் நீளம். ஒரு கட்டில் 1500 பைட் வரை செய்தி வைக்கலாம். கடைசியில் 4 பைட் சரிபார்ப்புக் கணக்கு ஒன்றைச் சேர்ப்பார். வாங்குகிற கிராணியார் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். கணக்கு ஒத்துவராவிட்டால் கட்டை வீசிவிடுவார்.

டிரான்ஸீவர் லாரிக்காரர் மாதிரி. அனுப்புவது, வாங்குவது என்ற இரண்டு வேலையும் ஒருவரே செய்வதால்தான் அந்தப் பெயர். கட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலையன்று. பாதைதான் அவருக்கு முக்கியம். 1, 0 என்று வரும் பிட்டுகளைக் கம்பி தாங்கும் மின் துடிப்பாக மாற்றி, 100 மீட்டர் கேபிளின் மறுமுனை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். அங்கிருந்து தேய்ந்து மெலிந்து வருகிற துடிப்பைத் திரும்பவும் பிட்டுகளாக மாற்றிக் கொடுப்பார்.

ஏன் இரண்டு பேர், ஒருவரே செய்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே சில்லில் இருவரும் குடியிருக்கும் ரகங்களும் உண்டு. ஆனால் கண்ட்ரோலரின் வேலை நுணுக்கமான கணக்கு வேலை. குறைந்த மின்னழுத்தத்தில், நெருக்கமான சில்லில் நடக்கும். டிரான்ஸீவரோ வெளியுலகத்தோடு மோதவேண்டியவர். பாதையும் ஒன்றன்று. சில இடத்தில் செம்புக் கம்பி, சில இடத்தில் கண்ணாடி இழை. பாதை மாறினால் லாரியை மாற்றினால் போதும், கிராணியாரை மாற்றவேண்டாம் என்ற ஏற்பாடு எவ்வளவு வசதி, பாருங்கள்.

மஞ்சள் கேபிள் காலம்

இந்தப் பிரிவினை நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலுள்ள ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1973-ஆம் ஆண்டு ராபர்ட் மெட்காஃப் என்பவர் இந்த முறையை எழுதி வைத்தார். டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். ஒளியைச் சுமந்து செல்வதாக 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் எண்ணிய 'ஈதர்' என்ற பொருளின் பெயரையே இதற்கு வைத்தார்கள். 1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஸெராக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து, விநாடிக்கு 1 கோடி பிட் வேகத்துக்கு விதிமுறை வெளியிட்டன.

அப்போது கேபிள் விரல் தடிமன் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் நிறம். ஒரு துண்டு 500 மீட்டர் வரை ஓடலாம். கண்ட்ரோலர் கணினிக்குள் இருக்கும். டிரான்ஸீவரோ கணினிக்குள்ளேயே இல்லை! கேபிளைத் துளைத்துப் பற்றிக்கொண்டு கூரையிலோ சுவரோரத்திலோ தொங்கும் தனிப் பெட்டி அது. 2.5 மீட்டர் இடைவெளியில் கேபிளில் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியில்தான் பெட்டியை மாட்டவேண்டும்.

கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே 15 முனை கொண்ட தனிக் கேபிள். அது 50 மீட்டர் வரை போகலாம். அதற்குள் அனுப்ப ஒரு ஜோடிக் கம்பி, வாங்க ஒரு ஜோடி, "இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டது" என்று அறிவிக்க ஒரு ஜோடி. பெட்டிக்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரமும் கணினியிலிருந்து இதே கேபிளில்தான் போகும்.

1980-களில் நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனி இந்த வேலைக்கு மூன்று சில்லுகளை வரிசையாகக் கொண்டுவந்தது. டிபி8390 கண்ட்ரோலர். டிபி8391 பிட்டுகளைக் கம்பிக்கேற்ற குறியீடாக மாற்றுவது. டிபி8392 கேபிளோடு நேரடியாக உறவாடும் டிரான்ஸீவர். பின்னிரண்டுக்கும் நடுவே சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். கேபிள் பக்கத்து மின்சாரம் கணினிப் பக்கம் நேராகப் பாயக்கூடாது என்பதற்கான வேலி அது. நாவெல் கம்பெனியின் புகழ்பெற்ற என்.இ.2000 அட்டை டிபி8390-ஐ வைத்தே செய்யப்பட்டது.

எல்லைக்கோட்டில் எத்தனை கம்பி?

1995-இல் விநாடிக்கு 10 கோடி பிட் வேகத்துக்குத் தரம் வகுத்தபோது, வேலைப் பிரிவினையின் எல்லைக்கோட்டையே நகர்த்தினார்கள். முன்பு குறியீடாக மாற்றும் வேலை கணினிப் பக்கத்தில் நடந்தது. இப்போது அது டிரான்ஸீவர் தலையில் விழுந்தது. கண்ட்ரோலர் வெறும் பிட்டுகளைக் கொடுத்தால் போதும்.

பிட்டுகளை ஒரே கம்பியில் விநாடிக்கு 10 கோடி தள்ளுவது கடினமல்லவா? ஆகவே நாலு கம்பி போட்டு, ஒரு துடிப்புக்கு நாலு பிட் என்று அனுப்பினார்கள். விநாடிக்கு 2½ கோடித் துடிப்பு, நான்கால் பெருக்கினால் 10 கோடி. கணக்கு சரியாகிறது. அனுப்பும் பக்கத்தில் அந்த 4 கம்பியோடு, "இப்போது வருவது நிஜச் செய்தி" என்று சொல்ல ஒன்று, "பிழை" என்று சொல்ல ஒன்று, தாளம் போட ஒன்று, ஆக 7 கம்பி. வாங்கும் பக்கத்திலும் அதே 7. "கம்பியில் யாரோ பேசுகிறார்கள்" என்று அறிவிக்க ஒன்று, "மோதல்" என்று அறிவிக்க ஒன்று. மொத்தம் 16.

இதில் தாளம் போடுவது யார் தெரியுமா? டிரான்ஸீவர்தான். அனுப்பும்போதும் வாங்கும்போதும் அவர் போடும் தாளத்துக்கே கண்ட்ரோலர் ஆடவேண்டும். பாதையின் வேகம் லாரிக்காரருக்குத்தானே தெரியும்?

சிறிய சில்லுகளில் 16 கம்பிக்குக் கால் எங்கே இருக்கிறது? ஆகவே 1990-களின் பிற்பகுதியில் சிக்கன முறை ஒன்று வந்தது. நாலு கம்பிக்குப் பதில் இரண்டு. துடிப்பு இரட்டிப்பாகி விநாடிக்கு 5 கோடி. பெருக்கிப் பாருங்கள், அதே 10 கோடி பிட்தான். மொத்தக் கம்பிகள் 7 அல்லது 8 ஆகக் குறைந்தன. என் மாணவியின் பலகைகள் பேசுவது இந்தச் சிக்கன முறையில்தான்.

ஆனால் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இங்கே இருவருக்கும் பொதுவாக ஒரே தாளம். அதைப் போடுபவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். இருவரும் போட்டாலும் கெட்டது, ஒருவரும் போடாவிட்டாலும் கெட்டது. மறுமுனையில் இருக்கும் கணினியின் தாளமோ நமது தாளத்தோடு அச்சாக ஒத்துப்போகாது. பத்து லட்சம் துடிப்பில் 50 வரை முன்பின் இருக்கலாம் என்பது இந்த முறையின் விதி. அந்தச் சிறு வித்தியாசத்தைச் சமாளிக்க டிரான்ஸீவருக்குள் ஒரு சிறு கிடங்கு இருக்கிறது. வரும் பிட்டுகள் அதில் சற்றே தங்கிவிட்டு, நமது தாளத்தில் வெளியே வரும்.

பிரட்டில் பேர் கூப்பிடுதல்

செய்தி போகும் கம்பிகளைத் தவிர வேறு இரண்டு கம்பிகள் உண்டு. இவற்றின் வழியே கண்ட்ரோலர், டிரான்ஸீவரைப் பார்த்து நலம் விசாரிக்கும். ஒன்று தாளம், மற்றது பேச்சு. இதே இரண்டு கம்பியில் 32 டிரான்ஸீவர் வரை பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 31 வரை ஓர் எண். மின்சாரம் வந்தவுடனே தன் கால்களில் எது மேலே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, எது கீழே என்று பார்த்து, டிரான்ஸீவர் தன் எண்ணைத் தெரிந்துகொள்ளும்.

பழைய பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் வரிசையாக நிற்பார்கள். கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் மட்டும் குரல் கொடுப்பார், மற்றவர் வாய் திறக்கமாட்டார். அதே முறைதான் இங்கே. "ஒன்றாம் நம்பர், உன் இரண்டாம் கட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், ஒன்றாம் நம்பர் மட்டும் 16 பிட்டில் பதில் சொல்லும். ஒவ்வொரு டிரான்ஸீவரிடமும் 32 கட்டம் வரை கேட்கலாம். முதற்கட்டம் 0, அதில் கட்டளை எழுதலாம். கட்டம் 1-இல் நிலைமை தெரியும். கட்டம் 2, 3-இல் சில்லின் அடையாளம் இருக்கும்.

அந்த நிலைமைக் கட்டத்தில் ஒரு வேடிக்கை. லைன் நடுவில் ஒரு முறை அறுந்து மறுபடி வந்திருந்தால், முதல் தடவை கேட்கும்போது "அறுந்தது" என்றே சொல்லும். இரண்டாம் தடவை கேட்டால்தான் இப்போதைய நிலையைச் சொல்லும். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு மறந்துவிடும் நல்ல குணம்!

சரி, கூப்பிட்டும் யாரும் பதில் சொல்லாவிட்டால்? பேச்சுக் கம்பியை ஒரு சிறு மின்தடை எப்போதும் மேலே இழுத்துக்கொண்டிருக்கும். யாரும் அதைக் கீழே இழுக்காததால் 16 பிட்டும் 1 என்றே படிக்கும். கணக்கில் அது 65535.

மூன்றாம் நாள் மாலை, இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தன் கணினியைத் திறந்து பார்த்தாள். "சார், எனக்கு எல்லாக் கட்டத்துலயும் 65535-னுதான் வந்துச்சு. நான் அதை நிஜமான பதில்னு நினைச்சிட்டேன்" என்றாள்.

கல்லூரியில் கொடுத்த பாடத்தாளில் டிரான்ஸீவர் எண் 0 என்று அச்சிட்டிருந்தது. அவள் கடையில் வாங்கிய பலகை வேறு ரகம். 0 முதல் 31 வரை வரிசையாகக் கூப்பிடும்படி பத்து வரிப் புரோகிராம் எழுதினாள். 0 என்று கூப்பிட்டபோது மௌனம். 1 என்று கூப்பிட்டபோது பதில்! கட்டம் 2-இல் வந்த எண், சில்லின் விளக்கத்தாளில் போட்டிருந்த எண்ணோடு அப்படியே ஒத்திருந்தது. செக்ரோலில் பேர் தப்பாக இருந்திருக்கிறது. ஆள் நாள் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

எண்ணைத் திருத்தியதும் செய்தி போயிற்று. ஆனால் முழுதும் போகவில்லை. நூறு அனுப்பினால் முப்பதுக்கு மேல் தொலைந்தன. இந்தத் தடவை அவள் கலங்கவில்லை. விநாடிக்கு 5 கோடித் துடிப்பு, சாண் நீளத் தொங்கல் கம்பியில் போனால் உருக்குலையும், பக்கத்துக் கம்பியிலும் ஒட்டிக்கொள்ளும். கம்பிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, தரைக் கம்பியை நடுநடுவே சேர்த்து மறுபடி இணைத்தாள். நூறு அனுப்பினாள். நூறும் போய்ச் சேர்ந்தன. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் தாயார், என்ன ஏதென்று கேட்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார்.

பச்சை விளக்கு என்ன சொல்கிறது?

அப்படியானால் அந்தப் பச்சை விளக்கு ஏன் எரிந்தது? இதுதான் நான் அறியாமல் போன சங்கதி. டிரான்ஸீவருக்கு மின்சாரமும் தாளமும் கிடைத்தால் போதும். பெரும்பாலும் கண்ட்ரோலரைக் கேட்காமலே மறுமுனை டிரான்ஸீவரோடு அது பேசிக்கொள்ளும். என்ன வேகத்தில் போகலாம், ஒரே நேரத்தில் இருவரும் பேசலாமா என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஒப்பந்தம் முடிந்தவுடன் விளக்கை ஏற்றிவிடும். இரண்டு லாரிக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. கிராணியார் மேசையிலிருந்து லாரிக்குக் கடிதம் ஏறியதா என்பதை அது சொல்லாது.

உங்கள் வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள். கேபிள் செருகிய துளையில் விளக்கு எரியாவிட்டால் கேபிளையும் இரு முனைச் செருகிகளையும் மறுமுனைப் பெட்டியையும் பாருங்கள். விளக்கு எரிந்தும் இணையம் வராவிட்டால் பெரும்பாலும் கோளாறு அதற்கு அப்பால்தான். உடனே கேபிளை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

இடி மின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேபிளுக்கும் டிரான்ஸீவருக்கும் நடுவே இன்றும் அந்தச் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வேலி இருக்கிறது. 1500 வோல்ட்டைத் தாங்குகிறதா என்று சோதிப்பது வழக்கம். மின்னல் அந்த வேலிக்கு அடங்காது. மழை கருக்கும்போதே மின்சாரச் செருகியோடு நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கி வைப்பது நல்லது. இடி தலைக்கு மேல் வந்தபிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.

அந்தப் பெண் விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். பாடத்தாளில் எண் மாறவேண்டும் என்று விரிவுரையாளரிடம் எடுத்துச் சொன்னாளாம். அவரும் மறுக்காமல் திருத்திக்கொண்டாராம். கூடம் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது, வாசகர்களே. ஆடத் தெரிந்தவளைத்தான் நான் குறை சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு காலமாக வகுப்பில் பாடம் முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்பேன். முப்பது தலையும் ஒன்றாக ஆடும். நானும் திருப்தியாகக் கரும்பலகையை அழித்துவிட்டுப் போய்விடுவேன். அந்தத் தலையாட்டலும் பச்சை விளக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. இந்தத் தவணை முதல் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறேன். பாடம் சற்று மெதுவாகத்தான் நகர்கிறது. பின்வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் நேற்றுப் பதில் சொன்னான். தப்பான பதில்தான். ஆனாலும் எங்கே தடுக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளையையும் இன்றைக்கு ஒரு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.